நோமினி ஹால் காகிதங்கள்: ஒரு வர்ஜீனியாப் பண்ணைக் குடும்பத்தைப் படித்த அனுபவம்

காலனிக் காலத்து வர்ஜீனியாப் பண்ணையார் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்தைக் கடைசியில் பாருங்கள், அவர் வீட்டுப் பட்டியலை முதலில் கேளுங்கள். உயில், சொத்துப் பட்டியல், கணக்குப் புத்தகம், அடிமைகளின் பெயர்ப் பதிவு என்று பெரிய குடும்பங்களுக்கு ஏதாவது ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். அதிலிருந்து ஆரம்பித்தால் மாளிகை தன்னால் புரிந்துவிடும். மாளிகையிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் பட்டியல் வரை போய்ச் சேருவதே இல்லை.

நான் ரிச்மண்ட் பக்கத்தில் குடியிருக்கிறேன். இங்குள்ள மாநில நூலகம், பழைய கையெழுத்துக் காகிதங்களை வீட்டிலிருந்தே படித்துத் தட்டச்சு செய்துகொடுக்கத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் கிடைக்கும் நேரத்தில் அதில் உட்கார ஆரம்பித்தேன். முதலில் கண்ணுக்கு ஒன்றுமே பிடிபடாது. அந்தக் காலத்து நீண்ட 'எஸ்' எழுத்து பார்க்க 'எஃப்' மாதிரியே இருக்கும். எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒரு விதம். கொஞ்ச நாளில் பழகிவிடும். ஒரு வழி சொல்கிறேன்: புரியாத சொல்லை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், அதே கை அதே பக்கத்தில் வேறெங்கே அந்த எழுத்தைப் போட்டிருக்கிறது என்று தேடுங்கள். மாதப் பெயர்களிலும் 'சொன்ன', 'மேற்படி' போன்ற வழக்கமான சொற்களிலும் எல்லா எழுத்தும் வந்துவிடும்.

அப்படித் தட்டச்சு செய்த ஒரு சொத்துப் பட்டியல் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. இறந்தவர் பெரிய பணக்காரர் இல்லை, நடுத்தரப் பண்ணைக்காரர். கோர்ட்டார் அனுப்பிய ஆட்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருக்கிறார்கள். இறகு மெத்தை, பித்தளைக் கெண்டி, சாணைக்கல், பழைய சேணம், பன்றிகள். அதே வரிசையில், அதே கையெழுத்தில், ஒரு பெண்ணின் பெயர். பக்கத்தில் 'அவள் குழந்தையும்' என்று மட்டும் இருக்கிறது. இருவருக்கும் சேர்த்து ஒரே விலை. குழந்தைக்குப் பெயர் போடவில்லை. அடுத்த வரியில் ஒரு கறவை மாடு. என் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது. மாளிகைகளில் வழிகாட்டிகள் சொன்ன வெள்ளிப் பாத்திரக் கதைகளெல்லாம் அந்த ஒரு வரிக்கு முன்னால் சின்னதாகிப் போயின.

அதற்குப் பிறகுதான் ஒரே குடும்பத்தை எடுத்து முழுசாகப் படிப்போம் என்று கார்ட்டர் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தக் குடும்பத்தைப் படிக்கிறவர்களுக்கு முதல் தலைவலி பெயர். எங்கே திரும்பினாலும் ராபர்ட் கார்ட்டர். 1663-இல் பிறந்து 1732-இல் இறந்த தாத்தா ராபர்ட், ஊரார் வைத்த பெயர் 'கிங்' கார்ட்டர். அவர் மகன் ராபர்ட். அந்த மகனுக்குப் பிறந்த பேரன் ராபர்ட், ஆளுநரின் ஆலோசனைச் சபையில் இருந்ததால் 'கவுன்சிலர்' கார்ட்டர். பேரனின் மகன் ராபர்ட் ப்ளேடன் கார்ட்டர். கவுன்சிலரின் சித்தப்பா லேண்டன் கார்ட்டரின் மகனும் ராபர்ட் வர்ம்லி கார்ட்டர். நம் ஊரில் ஒரே தெருவில் நாலு முருகேசன் இருந்தால் வீட்டுப் பெயரைச் சேர்த்துச் சொல்லுவோமே, அதே முறைதான் இங்கேயும் கைகொடுத்தது. கோரடோமன் கார்ட்டர் (தாத்தா), நோமினி ஹால் கார்ட்டர் (பேரன் கவுன்சிலர்), சபைன் ஹால் கார்ட்டர் (சித்தப்பா லேண்டன்) என்று வீட்டை வைத்து ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொண்டேன். எந்தப் பண்ணைக் குடும்பத்தை எடுத்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்கள் பலவற்றில் தாத்தாவின் நிலம் பேரன் பெயரில் ஏறிக் கிடக்கிறது.

இரண்டாவது தலைவலி தேதி. 1752 வரை ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் நடந்தவற்றுக்கு 1727/28 என்று இரட்டை வருஷம் போட்டிருப்பார்கள். நம் கவுன்சிலர் பிறந்தது அப்படிப்பட்ட ஒரு பிப்ரவரியில். நம் கணக்குக்கு 1728. ஒரு இடத்தில் 1727 என்றும் இன்னொரு இடத்தில் 1728 என்றும் பார்த்தால் பதற வேண்டாம், இரண்டும் ஒரே பிப்ரவரிதான்.

சரி, ஆளைப் பார்ப்போம். தாத்தா கிங் கார்ட்டர், வர்ஜீனியாவின் வடக்குத் தீபகற்பத்தில் ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர். அடுத்தவர் நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பதவியில் இருந்துகொண்டு தன் குடும்பத்துக்கே அள்ளி எடுத்துக்கொண்டார். இறக்கும்போது சுமார் 3 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறார்கள். பேரன் ராபர்ட்டுக்கு நாலு வயது நடக்கும் 1732-இல் அப்பாவும் போய்விட்டார், தாத்தாவும் போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். சித்தப்பா, பெரியப்பாக்கள் சொத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைய வர்ஜீனியாவில் இது சர்வ சாதாரணம். காய்ச்சலில் ஆட்கள் சீக்கிரம் இறந்தார்கள், விதவைகள் சீக்கிரம் மணந்தார்கள், ஒரு வீட்டில் மூன்று கல்யாணத்துப் பிள்ளைகள் சேர்ந்து வளர்ந்தார்கள். பண்ணைக் குடும்ப வரலாற்றைப் படிக்கும்போது அம்மாவின் அடுத்த கணவர் பெயரையும் தேடிப் பாருங்கள். பாதிக் காகிதம் அந்தப் பெயருக்குள்தான் ஒளிந்திருக்கும்.

21 வயதில் சொத்து கைக்கு வந்ததும் ராபர்ட் லண்டனுக்குப் போனார். அங்கே தாமஸ் ஹட்சன் வரைந்ததாகச் சொல்லப்படும் ஒரு படம் இருக்கிறது. முகமூடி விருந்துக்குப் போகிற உடை, கையில் கழற்றிப் பிடித்த முகமூடி, பட்டு மினுமினுப்பு. அழகான படம். அதைப் பார்த்தால் பொழுதுபோக்குப் பிள்ளை என்று நினைப்போம். இந்த மனிதர் பின்னால் செய்த காரியத்துக்கும் அந்தப் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1754-இல் மேரிலாண்டைச் சேர்ந்த ஃபிரான்சஸ் டாஸ்கரை மணந்தார். பால்டிமோர் இரும்பு ஆலையில் மாமனார் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது, அது வழியாகக் கார்ட்டருக்கும் வந்தது. 17 பிள்ளைகள் பிறந்தார்கள். பல பேர் பெரியவர்களாகவில்லை. 1758-இல் ஆலோசனைச் சபைப் பதவி வந்தது. வில்லியம்ஸ்பர்க்கில் ஆளுநர் மாளிகைக்கு அடுத்த வீட்டிலேயே சில வருஷம் குடியிருந்துவிட்டு, 1772-இல் குடும்பத்தோடு வெஸ்ட்மோர்லாண்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருந்த நோமினி ஹாலுக்கே திரும்பினார்.

இந்தக் குடும்பங்களின் பணம் எப்படி ஓடியது என்று தெரியாமல் எந்தக் காகிதமும் புரியாது. அடிப்படை புகையிலை. நாற்றங்காலில் விதைத்து, மே மாத வாக்கில் மழை பார்த்துப் பிடுங்கி நட்டு, களையெடுத்து, நுனி கிள்ளி, பக்கக் கிளை ஒடித்து, புழு பொறுக்கி, கோடை முடிவில் வெட்டி, கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, கடைசியில் சுமார் 1000 பவுண்டு எடையுள்ள பெரிய பீப்பாய்களில் அழுத்தி அடைத்துக் கப்பலேற்றுவார்கள். வருஷம் முழுக்க ஓயாத வேலை. அத்தனையும் அடிமைகளின் கை வேலை. லண்டன் வியாபாரி சரக்கை விற்று, கமிஷன் எடுத்துக்கொண்டு, பண்ணையார் எழுதி அனுப்பிய சாமான்களை வாங்கி அடுத்த கப்பலில் அனுப்புவார். சாமான் விலை எப்போதும் சரக்கு விலையை மிஞ்சிவிடும். அதனால் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர்களும் கடனில்தான் இருந்தார்கள். புகையிலையே அங்கே பணமாகவும் நடமாடியது. பாதிரியாரின் வருஷச் சம்பளம் சட்டப்படி 16,000 பவுண்டு புகையிலை. கணக்குப் புத்தகத்தில் 'பவுண்டு' என்று பார்த்தால் அது காசா, எடையா, காசென்றால் இங்கிலாந்துக் காசா, வர்ஜீனியாக் காசா என்று மூன்று கேள்வி கேட்டுக்கொண்டுதான் நான் அடுத்த வரிக்குப் போவேன்.

அக்காலத்துச் சாமான் பட்டியல்களில் நம் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றும் வரும்: படுக்கைத் திரைக்கும் பெண்கள் உடுப்புக்கும் சீட்டித் துணி. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய துணிகளுக்குப் பெரிய பெயர் இருந்த காலம். இங்கிலாந்து தன் நெசவாளர்களைக் காப்பாற்ற 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உள்நாட்டில் உடுத்தத் தடை போட்டது. காலனிகளுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடை இல்லை. அதனால் அந்தத் துணிகளுக்கு அட்லாண்டிக்கின் இந்தக் கரையில் கிராக்கி இருந்தது. வந்தது துணி மட்டும் இல்லை. 1635-இல் ஜார்ஜ் மெனிஃபீ என்ற வர்ஜீனியாப் பண்ணையார், தான் அழைத்துவந்த ஆட்களுக்கு ஈடாக நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அவன் எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பினானோ. அவனையும் சேர்த்துத்தான் தலைக்கு 50 ஏக்கர் கணக்குப் பார்த்தார்கள்.

நோமினி ஹாலின் அன்றாடத்தை நமக்குக் காட்டுவது பண்ணையாரின் எழுத்து இல்லை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த வாத்தியாரின் நாட்குறிப்பு. ஃபிலிப் ஃபிதியன், நியூ ஜெர்சிக்காரர், பிரின்ஸ்டனில் படித்தவர். 1773 அக்டோபரில் வந்து ஒரு வருஷம் இருந்தார், சம்பளம் 35 பவுண்டு. வந்தவர் எதைப் பார்த்தாலும் அளந்து எழுதுகிற ஆள். பெரிய வீடு 76 அடி நீளம், 44 அடி அகலம், செங்கல் கட்டி மேலே சுண்ணாம்புப் பூச்சு. நாலு மூலையிலும் 100 கஜம் தள்ளிப் பள்ளிக்கூடம், லாயம், வண்டிக் கொட்டகை, வேலைக் கொட்டகை. பண்ணையார் இரவில் ஹார்ப்சிகார்டு வாசிப்பார், கிடார், வயலின், புல்லாங்குழல் எல்லாம் வீட்டில் உண்டு, ஃபிராங்க்ளின் கண்டுபிடித்த கண்ணாடிக் கிண்ண வாத்தியமும் உண்டு.

அப்புறம் சாப்பாட்டுக் கணக்கு. இந்தக் குடும்பம் வருஷத்துக்குச் சராசரியாக 27,000 பவுண்டு பன்றி இறைச்சி, 20 மாடு, 550 புஷல் கோதுமை, 4 பெரிய பீப்பாய் ரம், 150 காலன் பிராந்தி செலவழிக்கிறது என்று பண்ணையாரின் மனைவியே சொன்னதாக எழுதியிருக்கிறார். மக்காச்சோளம் இந்தக் கணக்கில் சேராது. வேறொரு நாள் குறிப்பில், ஓர் அடிமைக்கு வாரத்துக்குக் கிடைப்பது ஒரு பெக் மக்காச்சோளமும் ஒரு பவுண்டு இறைச்சியும் என்று வருகிறது. ஒரு பெக் என்றால் கால் புஷல், ஏறக்குறைய ஒன்பது லிட்டர் அளவு. இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கார்ட்டர்தான் இரக்கமுள்ள முதலாளி என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். இரக்கமுள்ளவர் வீட்டு அளவே இது என்றால் மற்ற வீடுகளை நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அங்கேயே ஒரு மேற்பார்வையாளர், அடிமைகளை வழிக்குக் கொண்டுவரத் தான் வைத்திருக்கும் சித்திரவதை முறைகளைப் பெருமையாகச் சொன்னதையும் எழுதிவிட்டு, இவர்களெல்லாம் கிறிஸ்தவர்களா என்று வாய்விட்டுக் கேட்கிறார்.

இந்த இரண்டு குறிப்புகளையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அன்றுதான் ஒரு பழக்கம் வந்தது. ஒரு பண்ணை வீட்டைப் பற்றி எந்த எண் கிடைத்தாலும், அதற்கு ஜோடியாக அடிமைக் குடியிருப்பின் எண்ணைத் தேடுவேன். மாளிகையின் நீளம் கிடைத்தால் குடிசையின் நீளம். வாத்தியார் சம்பளம் கிடைத்தால் ஓர் ஆளின் விலை. ஜோடி கிடைக்காத எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வருவதில்லை. ஃபிதியனே அந்த மாதிரிக் கணக்குப் போட்டிருக்கிறார்: அடிமைகள் அத்தனை பேரையும் விற்றுப் பணத்தை வட்டிக்கு விட்டுவிட்டு நிலத்தைத் தரிசாகவே போட்டாலும், இவர்களை வைத்து விவசாயம் பார்ப்பதைவிட அதிக வருமானம் வரும் என்று. லாபத்துக்காக மட்டுமே அவர்கள் இதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்க்கவில்லை. அந்தஸ்து, பயம், பழக்கம், பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுக்க வேறு வழியில்லாமை, எல்லாம் சேர்ந்த கட்டு அது.

சித்தப்பா லேண்டன் கார்ட்டர் கதை தனி. அவரும் நாட்குறிப்பு எழுதினார், பல வருஷம். தன் மகன் சூதாடுகிறான், மதிப்பதில்லை, அடிமைகள் ஏமாற்றுகிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் புலம்பல். 1776 ஜூனில் ஒரு ராத்திரி அவர் பண்ணையிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பி, தங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு விடுதலை என்று அறிவித்திருந்த ஆங்கிலேய ஆளுநர் டன்மோரிடம் போய்விட்டது. யார் யார் போனார்கள் என்று கிழவர் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறார். நாடு விடுதலை அறிக்கை எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் அடிமைகள் தங்கள் விடுதலையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். கோபத்தில் அவர் எழுதியதால்தான் அந்தப் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

ராபர்ட் கார்ட்டர் மாறியது 1777-இல். அம்மை குத்திக்கொண்டதில் வந்த காய்ச்சலின்போது தனக்கு ஒரு தெய்வீக ஒளி கிடைத்ததாக நம்பினார். அதுவரை மதத்தில் பெரிய பிடிப்பில்லாதவர், 1778-இல் பாப்டிஸ்டாக ஞானஸ்நானம் பெற்றார். அரசாங்கச் சபை உறுப்பினர் ஒருவர், ஏழைகளும் அடிமைகளும் ஒன்றாக உட்காரும் சபையில் போய் உட்காருவது அன்றைய பெரிய மனிதர்களுக்குச் சகிக்க முடியாத விஷயம். 1787-இல் மனைவி இறந்தார். கடைசி இரண்டு மகன்களையும் அடிமை முறைக்கு நடுவில் வளர விடக்கூடாது என்று ரோட் ஐலண்டுக்குப் படிக்க அனுப்பினார்.

1791 ஆகஸ்டு 1-இல் அவர் எழுதிய பத்திரம்தான் என்னை இந்தக் குடும்பத்தோடு கட்டிப்போட்டது. அதற்கு முன்னால் தன் பண்ணைகள் எல்லாவற்றிலும் கணக்கெடுத்தார். பண்ணைகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் ராசிகள்: மேஷம், ரிஷபம், கடகம், சிம்மம், துலாம் என்று. வெஸ்ட்மோர்லாண்டிலிருந்து ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வரை சிதறிக்கிடந்த அந்தப் பண்ணைகள் ஒவ்வொன்றிலும் இருந்தவர்களின் பெயரும் வயதும் வரிசையாக எழுதப்பட்டன. மொத்தம் 452 பேர். இவர்களை அடிமைகளாக வைத்திருப்பது மதத்துக்கும் நீதிக்கும் விரோதம் என்று தனக்கு உறுதியாகிவிட்டது, அதனால் விடுவிக்கிறேன் என்று எழுதினார். பெரியவர்களில் வருஷத்துக்கு 15 பேர் வீதம் 1792 ஜனவரியில் தொடங்கி விடுதலை. சின்னவர்களில் ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 18 வயதிலும் விடுதலை. 1782-இல் வர்ஜீனியா இயற்றிய சட்டம்தான் சொந்தக்காரர் தானாக முன்வந்து அடிமைகளை விடுவிக்க வழி திறந்திருந்தது. 45 வயதைத் தாண்டியவர்களை விடுவித்தால் அவர்களைப் பராமரிப்பதும் பழைய முதலாளியின் பொறுப்பு என்று அதே சட்டம் சொன்னது. கார்ட்டர் அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு விதிக்குள்ளும் நின்றுதான் பத்திரத்தை எழுதினார்.

இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது என் அப்பாவால். அவர் ஊரில் பத்திர எழுத்தராக இருந்தவர். எங்களோடு வந்து தங்கியிருந்தபோது இந்தப் பத்திரத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். மதம், நீதி என்ற இடங்களை நான் உருகி உருகிச் சொல்ல, அவர் கேட்டது வேறு.

"இது உயிலா, தானப் பத்திரமாம்மா?"

"தானப் பத்திரம்பா."

"பதிவாகியிருக்கா?"

"செப்டம்பர் 5-ஆம் தேதி நார்தம்பர்லாண்ட் கோர்ட்டுல பதிவாகியிருக்கு."

"அப்ப அந்த ஆளு விவரமான ஆளு. உயில்னா எத்தன தடவ வேணாலும் மாத்தலாம், செத்த பிறகு பிள்ளைங்களும் கேஸ் போடலாம். உயிரோட இருக்கும்போதே எழுதிப் பதிவு பண்ணிட்டா, அவரே நினைச்சாலும் சுலபமாத் திரும்ப வாங்க முடியாது."

பல நாள் படித்தும் என் கண்ணில் படாத விஷயம் அது. ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் உயிலில்தான் எழுதினார், அதுவும் மனைவி காலத்துக்குப் பிறகு விடுதலை என்று. மவுண்ட் வெர்னனில் இருந்த 317 பேரில் அவர் பெயரில் இருந்த 123 பேருக்குத்தான் அது பொருந்தும். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவியின் முதல் கணவர் குடும்பச் சொத்தைச் சேர்ந்தவர்கள். கார்ட்டர் தன் ஆயுளிலேயே செய்தார், பெயர் போட்டுச் செய்தார், கோர்ட்டில் பதிவு செய்தார். நல்ல மனசு மட்டும் இருந்து இந்தப் பட்டியல் இல்லாமல் போயிருந்தால், அந்த 452 பேரும் அவர் வாரிசுகளுக்குப் பங்கு பிரிந்திருப்பார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

எதிர்ப்பு வராமல் இல்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பெயர் போடாமல் கடிதம் எழுதினார்: தன் வீட்டைத்தானே கொளுத்துகிறேன் என்று ஒருவன் அடுத்த வீடும் சேர்ந்து எரியும்படி தீ வைப்பதும், நீர் அடிமைகளை விடுவிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று. குடும்பத்துக்குள்ளும் முறுமுறுப்பு. கார்ட்டர் 1793-இல் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்தார், பெஞ்சமின் டாசன் என்ற பாப்டிஸ்ட் போதகரிடம் அதிகாரம் கொடுத்துவிட்டு. வருஷா வருஷம் விடுதலைப் பத்திரம் எழுதிக் கோர்ட்டுக்கு எடுத்துப்போனது டாசன்தான். விடுதலை பெற்றவர்களில் சிலருக்குக் கார்ட்டர் நிலமும் குத்தகைக்கு விட்டார். 1804-இல் இறந்தார். தன் திட்டங்களும் அறிவுரையும் உலகத்துக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்று அதற்கு முந்தின வருஷம் மகள் ஹேரியட்டுக்கு எழுதியிருந்தார். நோமினி ஹாலில் கல்லில்லாத கல்லறையில் புதைத்தார்கள். அவர் இறந்து இரண்டே வருஷத்தில், 1806-இல், புதிதாக விடுதலை பெறுகிறவர்கள் ஒரு வருஷத்துக்குள் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டும் என்று வர்ஜீனியா சட்டம் போட்டது.

அவரைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. 60 வயது வரை அந்த உழைப்பில்தான் ஹார்ப்சிகார்டும் லண்டன் உடுப்பும் வந்தன. வருஷத்துக்கு 15 என்ற கணக்கில், கடைசியில் நிற்கிற ஒருத்தி எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று நான் கூட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இதே வேலையைச் செய்யப் பணமும் சட்டமும் வாய்ப்பும் இருந்து செய்யாத பெயர் பெற்ற பெரிய மனிதர்கள் அவர் அக்கம்பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் படம் காசில் இருக்கிறது. இவரை இங்கே பள்ளியில் படிக்கிற என் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் நான் பார்க்கவில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நேரில் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். ரிச்மண்டிலிருந்து 360-ஆம் நெடுஞ்சாலையில் டாப்பஹனக் போய், ராப்பஹனக் ஆற்றுப் பாலம் தாண்டினால் வார்சா, அங்கிருந்து 3-ஆம் எண் சாலையில் மான்ட்ராஸ். ஒரே நாளில் போய்த் திரும்பலாம். நோமினி ஹால் மாளிகை 1850-இல் எரிந்துபோனது. அந்த இடம் தனியார் நிலம், கேட்டுக்கொள்ளாமல் உள்ளே போகாதீர்கள். லேண்டன் கார்ட்டரின் சபைன் ஹாலும் தனியார் வீடுதான். உள்ளே போய்ப் பார்க்க நல்ல இடம் லீ குடும்பத்தின் ஸ்ட்ராட்ஃபர்டு ஹால், மான்ட்ராஸிலிருந்து பக்கம். கிங் கார்ட்டர் கட்டுவித்து 1735-இல் முடிந்த கிறிஸ்து தேவாலயம் லங்காஸ்டர் கவுண்டியில் இர்விங்டனுக்குப் பக்கத்தில் இன்னும் அப்படியே நிற்கிறது, வெளியே அவர் கல்லறை. வில்லியம்ஸ்பர்க்குக்குப் போகிற நம்மவர்கள் எல்லோரும் ஆளுநர் மாளிகை முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை மாளிகையைப் பார்த்த கையோடு பக்கத்து வெள்ளை மர வீட்டையும் பாருங்கள், கவுன்சிலர் கார்ட்டர் குடும்பம் குடியிருந்தது அதில்தான்.

எந்தப் பண்ணை வீட்டுக்குப் போனாலும் வழிகாட்டியிடம் சமையல்கட்டு எங்கே, சமைத்தவர் பெயர் என்ன, அவர் ராத்திரி எங்கே தூங்கினார் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல வழிகாட்டிகளுக்கு முகம் மலர்ந்துவிடும். நிறையப் படித்து வைத்துக்கொண்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்கள். ஒரு இடத்தில் என் சின்னவள் கேட்ட "இவ்வளவு பெரிய வீட்டைத் தினமும் யார் பெருக்குவாங்க?" என்ற கேள்விக்கு, அந்த அம்மா சுற்றுலாப் பாதையை விட்டுவிட்டு எங்களைப் பின்கட்டுப் படிக்கட்டு வழியாக மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார்.

வீட்டிலிருந்தே செய்ய விரும்புகிறவர்கள் ஏதாவது ஒரு கவுண்டியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். உயில் புத்தகம், பத்திரப் புத்தகம், 1793-க்குப் பிறகு சுதந்திரக் கறுப்பர்கள் கோர்ட்டில் பதிந்துகொள்ள வேண்டியிருந்த பதிவேடு, இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். உயிலில் வெறும் பெயராக இருந்தவர் பதிவேட்டில் குடும்பப் பெயரோடு, உயரம், நெற்றித் தழும்பு, யார் விடுவித்தார் என்ற விவரத்தோடு வருவார். நிலப் பத்திரத்தில் தூரம் 'கோல்' கணக்கில் இருக்கும், ஒரு கோல் பதினாறரை அடி. எல்லை ஒரு மரத்தில் தொடங்கி ஓடைக் கரை வழியாகப் போய் அதே மரத்துக்கு வந்து சேரும். தட்டச்சு செய்யும்போது தெரியாத பெயரை யூகித்துத் திருத்தாதீர்கள், தாளில் இருக்கிறபடியே போடுங்கள். தங்கள் பாட்டனின் பாட்டியைத் தேடிக்கொண்டு அந்த ஒரு எழுத்தைப் பார்க்க வருகிற சந்ததியினர் இன்றும் இருக்கிறார்கள்.